எறிகத்தி பழகுகிறேன்: எங்கே நிற்பது, எந்தக் கத்தி வாங்குவது?

தோப்புக்காரன் | சனி, மாலை 6:10

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறேன். காணொளிகளைப் பார்த்துப் பார்த்து ஆசை முற்றிப்போய், போன வாரம் இணையத்தில் மூன்று கத்தி செட் ஒன்றை வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றும் 16 செ.மீ. நீளம். கறுப்புப் பூச்சு, பிடியில் நூல் சுற்று, பார்த்தால் சினிமா வில்லன் இடுப்பிலிருந்து உருவுகிற மாதிரி இருக்கும். பழைய கதவுப் பலகை ஒன்றைத் தென்னையில் சாய்த்து வைத்து எறிகிறேன்.

இன்று காலை மட்டும் 60 தடவை எறிந்தேன். குத்தி நின்றது நான்கு. மற்றதெல்லாம் பிடி மோதி ‘டொக்’ என்று விழுகிறது, இல்லாவிட்டால் தட்டையாக அடித்து என்னைத் தேடியே திரும்பி வருகிறது. ஒன்று முழங்காலுக்குக் கீழே பட்டது. நல்லவேளை, பிடிப்பக்கம்.

தூரம்தான் பெரிய குழப்பம். ஒருவர் 2 மீட்டர் என்கிறார், ஒருவர் 10 அடி என்கிறார், இன்னொருவர் ‘உனக்கு வசதியான இடத்தில் நில்’ என்கிறார். எனக்கு வசதியான இடம் திண்ணைதான். யாராவது உருப்படியாகச் சொல்லுங்கள்.

பட்டறைமகன் | சனி, இரவு 8:02

தூரத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் அந்தக் கத்தியில் ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

தோப்புக்காரன் | சனி, இரவு 8:15

58 கிராம். அம்மா ‘தராசு எதுக்குடா இப்போ?’ என்று கேட்டார். தேங்காய் பர்பிக்குச் சர்க்கரை அளக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இனி பர்பியும் செய்தாக வேண்டும்.

பட்டறைமகன் | சனி, இரவு 8:51

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். 58 கிராமில் இருப்பது தபால் பிரிக்கிற கத்தி. அதில் பழகினால் கை தப்பா, தூரம் தப்பா, கத்தி தப்பா என்று கடைசிவரை தெரியாது. கத்தி இலேசாக, குட்டையாக இருந்தால் மணிக்கட்டு ஒரு துளி அசைந்தாலும் போச்சு, சுழற்சி மாறிவிடும். மரத்தில் மோதும்போதும் உள்ளே இறங்கப் போதுமான கனம் இருக்காது, துள்ளித் திரும்பும். காலில் பட்டது அதனால்தான்.

முதல் கத்திக்கு என் அளவு 30 செ.மீ. நீளம், 250 முதல் 350 கிராம். அமெரிக்கர்கள் அங்குலத்துக்கு ஒரு அவுன்ஸ் என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள், அதுவும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் வந்து நிற்கும். மூன்றும் ஒரே எடை, ஒரே நீளம், ஒரே வடிவம். ஒன்று நல்லது, ஒன்று சுமார் என்று இருந்தால் கை எதையும் கற்றுக்கொள்ளாது.

காசு செலவழிக்கவே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் ‘25க்கு 5 ஃபிளாட்’ என்று கேளுங்கள். 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள சாதா இரும்புப் பட்டை. 30 செ.மீ. துண்டாக மூன்று வெட்டச் சொல்லுங்கள். கணக்குப் போடுவோம்: 30 × 2.5 × 0.5 = 37.5 கன செ.மீ. இரும்பு ஒரு கன செ.மீ. 7.85 கிராம். ஆக 294 கிராம். ஒரு முனையை 6 செ.மீ. நீளத்துக்கு முக்கோணமாகச் சீவினால் 30 கிராம் போகும். மிச்சம் 265 சொச்சம்.

சீவியதால் எடை நடுவம் பிடிப்பக்கமாக ஒன்றரை செ.மீ. நகரும். விரல் மேல் வைத்துப் பார்த்தால் தெரியும். அதனால் குடி ஒன்றும் முழுகாது. பிடியைப் பிடித்தும் எறியலாம், அலகைப் பிடித்தும் எறியலாம்.

விளிம்பைக் கூர் தீட்டாதீர்கள். தீட்டினால் வெட்டுப்படுவது உங்கள் விரல்தான், மரமில்லை. முனை மட்டும் கூர், அதுவும் ஊசி மாதிரி வேண்டாம். தேங்காய் உரிக்கிற பாரை முனை எப்படி இருக்கும்? அந்த அளவு போதும். ஊசி முனை முதல் நாளே வளைந்துவிடும். சாதா இரும்பு எப்படியும் கொஞ்சம் வளையும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, அரத்தால் இரண்டு இழுப்பு இழுங்கள். ஒடிவதைவிட வளைவது மேல்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கலாமே என்று யாராவது கிளம்புவார்கள். என் அப்பா அதில் அரிவாள் அடித்துத்தான் எங்களை வளர்த்தார், எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம். ஆனால் அதை உலையில் போட்டு அடித்து, அளவாகப் பதம் ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும். பதம் கூடிப்போனால் கல்லில் பட்ட நொடியில் முனை தெறிக்கும். முதல் செட்டுக்கு வேண்டாம். சமையலறைக் கத்தி எந்தக் காலத்திலும் வேண்டாம்.

வளரிப்பித்தன் | சனி, இரவு 9:30

சிவகங்கைச் சீமையில் வளரி என்ற வளைந்த எறிதடியை எறிந்த இனம் நாம். சின்ன மருதுதான் தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தார் என்று வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். ஃபிளாட்டும் கிலோ கணக்கும் எதற்கு? வளரி பழகுங்கள்.

பட்டறைமகன் | சனி, இரவு 9:44

வளரி அடித்து வீழ்த்துகிற ஆயுதம் ஐயா, எந்தப் பக்கம் பட்டாலும் வேலை முடிந்தது. கத்தி முனையால் மட்டும்தான் பட வேண்டும். கேள்வி அதைப் பற்றி. வளரிக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

பனிக்காகம் | ஞாயிறு, அதிகாலை 2:20

யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்போது ஜெர்மனியில். இங்கே ஒரு எறிகத்திக் குழுவோடு ஆறு வருசமாகப் போய் வருகிறேன். தூரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஐரோப்பியப் போட்டிகளில் கோடுகள் 3, 5, 7 மீட்டரில் இருக்கும். கத்தி காற்றில் ஒரு சுற்றுச் சுழன்று குத்த 3, இரண்டு சுற்றுக்கு 5, மூன்று சுற்றுக்கு 7. கோட்டுக்குப் பின்னால் எங்கேயும் நிற்கலாம், முன்னால் கால் வைக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் 2 மீட்டர் கூடுகிறது, கவனித்தீர்களா? அப்படியென்றால் முதல் சுற்று ஏன் 2 இல்லாமல் 3?

நான் எனக்குப் புரிந்தமாதிரி சொல்கிறேன். கத்தியை விடும்போது கை உடம்புக்கு முன்னால் அரை மீட்டர் அளவில் நிற்கும். அந்த நேரம் கத்தி நெட்டுக்குத்தாக, முனை மேலே பார்த்தபடி இருக்கும். அது முன்னோக்கித் திரும்பவே கால் சுற்று வேண்டும். அதற்கு இன்னொரு அரை மீட்டர். பிறகு ஒரு முழுச் சுற்று, 2 மீட்டர். கூட்டினால் 3. அலகைப் பிடித்து எறிந்தால் முனை கீழே பார்த்தபடி கிளம்பும், முக்கால் சுற்றுப் போதும்: ஒன்றரை மீட்டரும் கை நீளம் அரை மீட்டரும் சேர்ந்து 2. உங்களிடம் 2 என்று சொன்னவர் இப்படி அலகைப் பிடித்து எறிவதைச் சொல்லியிருப்பார், 10 அடி என்றவர் பிடியைப் பிடித்து ஒரு சுற்று எறிவதை. இரண்டு பேரும் பிழையில்லை.

எல்லோரும் கேட்கிற அடுத்த கேள்வி: வேகமாக எறிந்தால் தூரம் மாறாதா? சைக்கிள் சில்லை நினையுங்கள். 26 அங்குலச் சில்லு ஒருமுறை சுற்றினால் 2 மீட்டரும் சொச்சமும் போகும். மெல்ல மிதித்தாலும் அவ்வளவுதான், விழுந்தடித்து மிதித்தாலும் அவ்வளவுதான். கத்தி உங்கள் கையின் வளைவில் சுழன்று கிளம்புகிறது. வேகமாக வீசினால் பறப்பதும் வேகம், சுழல்வதும் வேகம். சுற்றுக்கான தூரம் பெரிதாக மாறாது. மணிக்கட்டை வெட்டினால்தான் மாறும், அப்போது சில்லே சின்னதாகிவிடுகிறது. அதனால் பலமாக எறிய முயற்சிக்க வேண்டாம். மணிக்கட்டைப் பூட்டிவிட்டு, ஆணி அடிக்கச் சுத்தியல் ஓங்குவதுபோல் ஓங்கி, கை முன்னால் நீண்டதும் விடுங்கள். கையை ‘திறக்க’க்கூட வேண்டாம். கத்தி தானே நழுவிப் போகட்டும்.

பட்டறைமகன் அண்ணை சொன்ன கத்தி, பிடியைச் சுத்தியல் மாதிரிப் பிடிப்பது, 3 மீட்டர். இங்கே தொடங்குங்கள்.

மலைக்கோட்டை | ஞாயிறு, காலை 7:05

3 மீட்டர் எல்லோருக்கும் எப்படிப் பொருந்தும்? நான் ஐந்தடி, என் மச்சான் ஆறடி இரண்டு. அவன் கை நீளம் என் காலுக்கு வரும்.

பனிக்காகம் | ஞாயிறு, காலை 11:40

பொருந்தாது. தேடத் தொடங்குகிற இடம்தான் 3 மீட்டர். அங்கே நின்று பத்துத் தரம் ஒரேமாதிரி எறிந்துவிட்டு, கத்தி எந்தச் சாய்வில் படுகிறது என்று பாருங்கள். பிடி மேலே தூக்கி முனை நிலத்தைப் பார்த்தபடி குத்தியிருந்தால் கத்தி கூடுதலாகச் சுற்றிவிட்டது. முன்னால் போங்கள். பிடி கீழே தொங்கி முனை வானத்தைப் பார்த்தால் இன்னும் சுற்றி முடியவில்லை. பின்னால் போங்கள். ஒரு தரத்துக்கு ஒரு சாண் போதும், பிறகு நாலு விரல்.

கால்தான் நகர வேண்டும், கை மாறக்கூடாது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். கத்தி தவறாகப் பட்டதும் அடுத்ததை ‘கொஞ்சம் மெதுவாகச் சுழற்றி’ விடப் பார்ப்பார்கள். பிறகு ஒன்றும் தெரியாது.

சுழலாதவன் | ஞாயிறு, மதியம் 1:15

ஏன் இத்தனை கணக்கு? சுழலாமல் எறியும் முறை இருக்கிறதே! ஆள்காட்டி விரலைக் கத்தியின் முதுகில் வைத்து வழியவிட்டால் கத்தி அம்பு மாதிரி போகும். ஜப்பானில் சூரிகென் எறிபவர்கள் ஆணி போன்ற கம்பியை அப்படித்தான் எறிகிறார்கள். 2 மீட்டரோ 4 மீட்டரோ, நின்ற இடத்திலிருந்து எறியலாம்.

பனிக்காகம் | ஞாயிறு, மாலை 4:30

அழகான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் முழுதாகச் சுழலாமல் போவதில்லை. நெட்டுக்குத்தாகக் கிளம்பி, இலக்குக்குப் போய்ச் சேரும்வரை மெல்ல மெல்லக் கால் சுற்றுத் திரும்புகிறது. அந்த மெதுவை விரல் நுனியில் கொண்டுவர எனக்கு எட்டு மாதம் பிடித்தது. முதல் வாரமே அதைத் தொடங்கி, கத்தியை மூலையில் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு சுற்றில் ‘தக்’ என்று நிற்கிற சத்தத்தை முதலில் கேட்கட்டும். அந்தச் சத்தம்தான் ஆளைத் திரும்பக் கூட்டி வரும்.

சுழலாதவன் | ஞாயிறு, மாலை 4:41

எனக்கு மூன்று வாரத்தில் வந்தது.

மலைக்கோட்டை | ஞாயிறு, மாலை 4:50

பெரிய ஆள்தான்.

நெய்தல் | ஞாயிறு, இரவு 7:25

எல்லோரும் கத்தியையும் தூரத்தையும் பேசுகிறீர்கள், அந்தக் கதவுப் பலகையை ஒருவரும் கேட்கவில்லையே?

தம்பி, கதவு தேக்கா வேம்பா? எதுவானாலும் பலகையின் முகத்தில் நார் குறுக்கே படுத்திருக்கும், கத்தி அதை அறுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு ஈர்க்குமாறைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கத்தியால் குத்தினால் வழுக்கும், தலைப்பக்கம் குத்தினால் ஈர்க்குகள் விலகி வழிவிடும். மரமும் அப்படித்தான். அடிமரத்தை முறுக்கு மாதிரி வட்டமாக அறுத்த துண்டு வேண்டும். வெட்டுமுகம் உங்களைப் பார்த்து இருக்கணும். அரை மீட்டர் அகலம், ஒரு சாணுக்குக் குறையாத கனம். மர அறுவை மில்லில் கேட்டால் கிடைக்கும். இலவம், மா, தூங்குமூஞ்சி எல்லாம் நல்லது. தூங்குமூஞ்சி அகலமாகவே கிடைக்கும். தோப்பு வைத்திருக்கிறீர்கள் என்று தென்னையை அறுத்துவிடாதீர்கள்: தென்னைக்கு வெளிவட்டம் கல், நடு பஞ்சு. காய்ந்துபோனால் முந்தின இரவு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வையுங்கள். துண்டை ஆடாமல் கட்டுங்கள். உயிருள்ள மரத்தில் எறியவே கூடாது. பட்டையில் ஒவ்வொரு குத்தும் புழு நுழைகிற வாசல்.

இன்னொன்று. கத்தி திரும்பி வந்து காலில் பட்டது என்று சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மொட்டைமாடியில் என் அண்ணன் எறிந்த கத்தி ஒருமுறை பலகையில் பட்டுத் திரும்பி அவனையும் தாண்டி, பின்னால் உட்கார்ந்திருந்த என் காலடியில் வந்து விழுந்தது. அன்றைக்கு நான் செருப்புகூடப் போட்டிருக்கவில்லை. மூடிய ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி. வேடிக்கை பார்ப்பவர் உங்களுக்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டர் தள்ளி இருக்கணும், பக்கவாட்டில் ஒருவரும் கூடாது. இலக்குக்குப் பின்னால் சுவர் அல்லது மண்மேடு. மூன்றையும் எறிந்த பிறகுதான் எடுக்கப் போகணும். நாய் இருந்தால் கட்டிப்போடுங்கள். அது குச்சி என்று நினைத்து ஓடும்.

மலைக்கோட்டை | ஞாயிறு, இரவு 8:10

போலீஸ் பிரச்சனை வருமா? பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாமா?

நெய்தல் | ஞாயிறு, இரவு 8:38

பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற யோசனையே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்குமான கத்திகளுக்கு விலக்கு உண்டு. எறிகத்தியை எந்தச் சமையலுக்கு என்று விளக்குவீர்கள்? அலகுப்பகுதி 9 அங்குலத்துக்குள் நிற்கட்டும். மீதியில் சைக்கிள் டியூப் சுற்றிப் பிடி என்று காட்டிவிடுங்கள். சொந்த இடத்தில் எறிந்து, சொந்த இடத்திலேயே பூட்டி வைத்துவிடுங்கள்.

பட்டறைமகன் | ஞாயிறு, இரவு 9:02

நெய்தல் அக்கா சொன்னது சரி. ஆனால் டியூபைப் பட்டையோடு இறுக்கமாக ஒட்டிச் சுற்றுங்கள். தளர்ந்தால் கையை விட்டுப் போகும்போது இழுக்கும், சுழற்சி கெடும். முடிந்தால் சுற்றாமல், ஒரு வர்ணக் கோடு போட்டாலே போதும்.

தோப்புக்காரன் | அடுத்த ஞாயிறு, மாலை 5:45

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரத்துக் கதை.

ஹார்டுவேர் கடையில் ஃபிளாட்டை மூன்று துண்டாக வெட்டி வாங்கினேன். ‘எதுக்கு தம்பி?’ என்றார்கள், ‘கேட்டுக்கு’ என்றேன். முனையைக் கிரைண்டரில் சீவி அரத்தால் முடித்தேன். எடை 266, 262, 269. ஏழு கிராம் வித்தியாசத்துக்கே பட்டறைமகன் அண்ணன் திட்டுவார் என்று 269-ஐ மறுபடி தேய்த்து 265-க்குக் கொண்டுவந்தேன். நீலக் கோடு போட்டாயிற்று.

மில்லில் தூங்குமூஞ்சி வட்டத் துண்டு கிடைத்தது. தனியாளாகத் தூக்க முடியவில்லை, உருட்டித்தான் கொண்டுவந்தேன். மூன்று கால் அடித்து நெஞ்சு உயரத்தில் நிறுத்தி, மேலே ஆணியும் கயிறும்.

3 மீட்டரில் கோடு கிழித்து எறிந்தேன். முதல் பத்தில் இரண்டு நின்றது. நின்ற இரண்டும் பிடி மேலே தூக்கியபடி, விழுந்தவையும் முனை கீழே பார்த்தபடிதான் பட்டன. பனிக்காகம் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு சாண் முன்னால் போனேன். ஐந்து. அப்புறம் நாலு விரல். ஏழு! நேராக, கிடைமட்டமாக, யாரோ கையால் செருகி வைத்த மாதிரி. அளந்து பார்த்தால் 2 மீட்டர் 71. அந்த இடத்தில் செங்கல் ஒன்றைப் புதைத்துவிட்டேன்.

ஆனால் நேற்று மாலை அதே செங்கல்லில் நின்று எறிந்தால் பத்துக்கு மூன்றுதான். ஒன்றும் புரியவில்லை. இன்று காலை மறுபடி ஏழு. என்னவாக இருக்கும்?

பனிக்காகம் | அடுத்த ஞாயிறு, மாலை 6:30

நேற்று மாலை எத்தனையாவது எறிதலில் கெட்டது? அதற்கு முன் எத்தனை எறிந்திருந்தீர்கள்?

தோப்புக்காரன் | அடுத்த ஞாயிறு, மாலை 6:34

காலையிலிருந்து சேர்த்தால் 200 இருக்கும். தோள் வலி வேறு.

பனிக்காகம் | அடுத்த ஞாயிறு, மாலை 6:52

வேறொன்றுமில்லை. தோள் களைத்துவிட்டால் மணிக்கட்டு உதவிக்கு வரும். மணிக்கட்டு வந்தால் சில்லு சின்னதாகிவிடும் என்று சொன்னேனே. ஒரு நாளைக்கு 60 போதும். வலி தொடங்க முன் நிறுத்துங்கள்.

கத்தியையும் ஒருதரம் தடவிப் பாருங்கள். ஒன்றில் ஒன்று மோதிப் பிடியில் பிசிர் எழும்பியிருக்கும். அது உள்ளங்கையைக் கிழிக்கும், விடும்போது மாட்டியும் இழுக்கும். இலக்கில் மூன்று வட்டம் வரைந்து ஒன்றுக்கு ஒரு கத்தி என்று எறிந்தால் மோதாது.

தோப்புக்காரன் | அடுத்த ஞாயிறு, இரவு 7:20

பிசிர் இருந்தது அண்ணா, இரண்டில். அரம் போட்டுவிட்டேன். ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு கீறல் இருந்ததும் இப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். மதியம் அப்பா வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, ஒரு கத்தியை வாங்கிக் கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். செங்கல்லைக் கவனிக்காமல் எங்கோ நின்று ஒன்று விட்டார். ‘தக்’ என்று நடுவில் போய் நின்றது. நாற்பது வருடம் அரிவாள் பிடித்த கை. ‘இதுக்குப் போயி ஒரு வாரமா?’ என்றார். அடுத்த ஆறும் வரிசையாக விழுந்தன. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கத்திகளையே பார்த்துக்கொண்டு நின்றவர், தானாகவே ஒரு அடி பின்னால் போய் நின்றார்.

இப்போது அங்கே இரண்டு செங்கல் இருக்கிறது. அவருடையது 3 மீட்டர் 5. நான் அளந்ததை அவரிடம் சொல்லவில்லை.